தளர்ந்துபோன ஆமைக்குஞ்சு கைக்கு வந்தால்: முதல் மணி நேரத்திலிருந்து ஒப்படைக்கும் வரை

போன கார்த்திகை மழையில், மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் மாமாவின் வயலோரத்தில், வெட்டிக் குவித்திருந்த பற்றைக்கு அடியில் என் மருமகன் ஒரு ஆமைக்குஞ்சைக் கண்டெடுத்தான். தேசிக்காய் அளவுதான். கண் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. கழுத்து வெளியே தொங்கியது, தொட்டாலும் உள்ளே இழுக்கவில்லை. முதல் ஒன்றரை நாள் நாங்கள் செய்ததெல்லாம் பிழை. வாளித் தண்ணீரில் விட்டோம், சோறு வைத்தோம், மத்தியான வெயிலில் காய வைத்தோம். அது உயிரோடு இருந்ததே பெரிய காரியம். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு பத்தாம் நாள் நல்ல நிலையில் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைத்தோம். அந்த ஒன்றரை நாள் உங்கள் கைக்கு வரும் குஞ்சுக்கு வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1. தண்ணீரில் போடுவதற்கு முன் காலைப் பாருங்கள்

ஆமை என்றாலே தண்ணீரில் வாழ்வது என்று நினைத்துக் கிணற்றிலோ குளத்திலோ விட்டுவிடுகிறோம். நம் பகுதியில் தரையில் மட்டும் வாழும் ஆமையும் இருக்கிறது, அதுதான் நட்சத்திர ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது, ஆழத் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போகும்.

குஞ்சில் நட்சத்திரக் கோலம் தெளிவாகத் தெரியாது, அதனால் ஓட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மஞ்சள் ஓட்டில் கறுப்புத் திட்டுகள் தெரியும், கோலம் வளர வளரத்தான் விழும். நம்பக்கூடிய அடையாளம் கால்கள். யானைக்கால் மாதிரிக் குத்துக் குத்தாக, விரலுக்கு இடையில் சவ்வு இல்லாமல் இருந்தால் தரை ஆமை. விரலிடையே சவ்வு இருந்து ஓடும் தட்டையாக இருந்தால் குளத்து ஆமை. ஓடு தோல் மாதிரி மெத்தென்று, மூக்கு குழல் போல நீண்டிருந்தால் பால் ஆமை. துடுப்பு மாதிரிக் கால் இருந்தால் கடலாமைக் குஞ்சு. கடலாமைக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்யாதீர்கள். நல்ல தண்ணீரில் விடாமல், ஈர மணல் போட்ட பாத்திரத்தில் நிழலில் வைத்துவிட்டு அடுத்த படியில் சொல்லும் எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

இனி எழுதுவதெல்லாம் நட்சத்திர ஆமைக் குஞ்சுக்கு.

2. முதல் மணி நேரத்திலேயே 1992

1992 வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர எண். நட்சத்திர ஆமை தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும், கொண்டு திரிவதும் குற்றம். 'காப்பாற்றத்தானே வைத்திருந்தேன்' என்று பிறகு சொல்வதைவிட முதல் நாளே சொல்லி வைப்பதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு.

பயந்து அழைக்காமல் இருக்காதீர்கள். நானும் ஒரு நாள் பயந்துதான் இருந்தேன். அழைத்த பிறகு ஒருவரும் என்னை மிரட்டவில்லை. எங்கே, எப்போது, எப்படிக் கிடைத்தது, இப்போது என்ன நிலை என்று கேட்டார்கள். அந்த நேரம் வாவி நீர் ஏறி எங்கள் பக்க வீதி மறிபட்டிருந்தது. வாகனம் வரும் வரை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று உத்தியோகத்தர் போனிலேயே சொல்லித் தந்தார். தண்ணீர் வடிய ஒன்பது நாள் ஆனது, அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் படம் அனுப்பினேன்.

உங்கள் பக்கம் வீதி திறந்திருந்தால் இத்தனை நாள் வைத்திருக்கத் தேவையே இல்லை. ஒரு பின்னேரமோ ஓர் இரவோ பார்த்துக்கொண்டால் போதும். கீழே உள்ளது அந்த இரவுக்கும் உதவும், வெள்ளத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு கிழமைக்கும் உதவும்.

3. ஒரு கொப்பித் தாளில் எழுதி வையுங்கள்

கிடைத்த திகதி, நேரம், இடம், கிராம சேவையாளர் பிரிவு, கண்டெடுத்தவர் பெயர், 1992-க்கு அழைத்த நேரம், கதைத்த உத்தியோகத்தரின் பெயர். இவ்வளவும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். கிடைத்த இடத்தில் நின்று போனில் வரைபடப் புள்ளியைச் சேமித்து வையுங்கள். மேலிருந்தும் பக்கவாட்டிலும் வயிற்றுப் பக்கமும் படம் எடுங்கள்.

இடத்தை இவ்வளவு கவனமாகக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குணமான பிறகு அதை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவதுதான் சரி. வேறு காட்டில் விட்டால் இங்குள்ள நோய் அங்கே போகலாம், இரை தேடவும் அது திணறும்.

படத்தை முகநூலில் போடாதீர்கள். நட்சத்திர ஆமை கடத்தலில் அதிகம் பிடிபடும் விலங்கு. 2019-இல், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் சேர்த்து அதன் சர்வதேச வியாபாரத்தைத் தடுத்த பிறகும் அதைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். என் மருமகன் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட படம் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் அறியாத எண்ணிலிருந்து ஒருவர் விலை கேட்டுவிட்டார்.

4. முதல் மருந்து இளஞ்சூட்டுத் தண்ணீர்

தளர்ந்த குஞ்சில் முதலில் பார்க்க வேண்டியது நீர் வற்றல். கண் குழி விழுந்திருக்கும், தோல் சுருங்கி இருக்கும், கையில் வைத்தால் வெறும் ஓடு மாதிரிப் பாரமில்லாமல் இருக்கும். அந்த நிலையில் சாப்பாடு வைத்துப் பயனில்லை, உடம்பில் நீர் இல்லாமல் குடல் வேலை செய்யாது.

தட்டையான ஒரு பாத்திரம் எடுங்கள். குளிப்பாட்டும் குழந்தைக்கு மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்போமே, அந்தச் சூட்டில் தண்ணீர். மேலோடும் கீழோடும் சேரும் கோடு வரைக்கும்தான் தண்ணீர் நிற்க வேண்டும். தலை தொங்கினாலும் மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். தலையைத் தூக்க முடியாத குஞ்சென்றால் நாடிக்குக் கீழே மடித்த துணி வையுங்கள். பதினைந்து நிமிடம், அந்தப் பதினைந்து நிமிடமும் பக்கத்திலேயே இருங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். முதல் மூன்று நாள் காலையும் பின்னேரமும், பிறகு நாளுக்கு ஒரு தடவை.

எங்கள் குஞ்சு இரண்டாவது குளிப்பில்தான் அசைந்தது. முதலில் தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. பிறகு தலையைத் தாழ்த்தி, மூக்கு நுனி தண்ணீரைத் தொட, நெடுநேரம் குடித்தது. குடித்து முடிய வெள்ளையாகப் பசை மாதிரி ஒன்றைக் கழித்தது. அது யூரிக் உப்பு, நல்ல அறிகுறி. அதே வெள்ளை மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் நீர் வற்றல் இன்னும் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம்.

குளுக்கோஸ், உப்பு, சீனி ஒன்றும் கரைக்க வேண்டாம், வாயில் சிறிஞ்சால் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் முடிந்தது. ஒட்டிய கண்ணைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடையுங்கள், விரலால் பிரிக்காதீர்கள்.

இப்போதுதான் பொரித்த குஞ்சாக இருந்தால் வயிற்று நடுவில் மஞ்சளாகச் சிறு பை துருத்திக்கொண்டிருக்கும். அது முட்டையின் மஞ்சள் கரு இருக்கும் பை, அதன் கட்டுச்சோறு. அமுக்கவோ வெட்டவோ கூடாது. அதற்குக் குளிப்புக்கூட வேண்டாம், சுத்தமான ஈரத் துணியில் இருத்துங்கள். சில நாளில் பை தானாக உள்ளே போகும். அதுவரை சாப்பிடாவிட்டால் பயப்படாதீர்கள்.

5. சூடு: நாங்கள் அதிகம் பிழை விட்ட இடம்

ஆமைக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கத் தெரியாது. உடம்பு குளிர்ந்தால் செரிமானமும் நோயை எதிர்க்கும் சக்தியும் நின்றுவிடும். மட்டக்களப்பில் சூட்டுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் நான்கு நாள் மழை விடாமல் பெய்தால் சீமெந்துத் தரையில் இருக்கும் குஞ்சு விறைத்துப்போகும்.

ஒரு நீளமான பெட்டி போதும். ஒரு முனையில் மட்டும் கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மஞ்சள் பல்ப், 40 வொட்ஸ். எல்.ஈ.டி பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. அது தெரியாமல் முதல் இரவு எல்.ஈ.டி போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் தொட்டால் கல் மாதிரிக் குளிர். பல்ப் பக்கம் 32 பாகை, மறுமுனை 27, 28 பாகை இருக்கட்டும். இரவில் 25-க்குக் கீழே போக விடாதீர்கள். குஞ்சு தனக்கு வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும், அதனால் பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருக்கக் கூடாது. கரண்ட் போனால் போத்தலில் சுடுநீர் ஊற்றித் துணி சுற்றி ஒரு பக்கம் வையுங்கள்.

கீழே பத்திரிகைத் தாள். மணல் வேண்டாம், சாப்பாட்டோடு விழுங்கிக் குடல் அடைபடும். ஒளிந்துகொள்ள அரைச் சிரட்டையை வாசல் மாதிரி வெட்டிக் கவிழ்த்து வையுங்கள், உள்ளே கழுவி நனைத்துப் பிழிந்த தென்னந்தும்பு. குஞ்சுக்கு ஈரப்பதமும் வேண்டும். எங்கள் குஞ்சு இரவு முழுக்க அந்தச் சிரட்டைக்குள்தான் கிடக்கும், விடிந்து பல்ப் பக்கம் சூடேறியதும் மூக்கு மட்டும் வெளியே வரும்.

வெயில் தேவைதான். ஓடு உறுதியாவதற்கு நேர் வெயில் மாதிரி எதுவும் இல்லை. கண்ணாடி யன்னல் வழியே வரும் வெயிலில் அந்தப் பயன் இல்லை. காலை ஏழு, எட்டு மணி வெயிலில் இருபது நிமிடம், பாதி நிழல் விழுந்த திறந்த பேசினில். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயிலில் விட்டால் சில நிமிடங்களிலேயே வெந்துவிடும். மேலே வலை போடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். காகம் ஒரு கொத்தில் தூக்கிவிடும்.

எறும்பை மறக்காதீர்கள். அசைய முடியாத குஞ்சின் கண்ணையும் வாயோரத்தையும் எறும்பு ஓர் இரவில் தின்றுவிடும். பெட்டியை ஒரு முக்காலி மேல் வைத்து, முக்காலியின் காலைத் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் இறக்குங்கள். மாமி பலகாரத் தட்டுக்குச் செய்வது இதுதான். 'ஆமை புகுந்த வீடு' என்று முதல் நாள் வாசலில் மறித்து நின்ற அதே மாமிதான் இந்த யோசனையும் சொன்னார், ஒவ்வொரு இரவும் கிண்ணத்துக்குத் தண்ணீரும் ஊற்றினார்.

6. சாப்பாடு, மூன்றாம் நாளுக்குப் பிறகு

தண்ணீரும் சூடும் சரியாக வந்தால் பசி தானாக வரும். எங்கள் குஞ்சு நான்காம் நாள்தான் கடித்தது. செவ்வரத்தம் பூவின் ஒரு இதழை முகத்துக்கு முன் வைத்தோம். சிவப்பு நிறம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும், கழுத்தை நீட்டி நெடுநேரம் பார்த்தது. வாயைத் திறந்து இதழுக்குப் பக்கத்தில் வெறுங்காற்றைக் கடித்தது. மூன்றாவது கடியில்தான் இதழ் அகப்பட்டது. மருமகன் கத்தின கத்தில் அடுத்த வீட்டார் ஓடி வந்தார்கள்.

அறுகம்புல் நுனி, செவ்வரத்தம் பூவும் இளம் இலையும், வல்லாரை, முள் நீக்கிய நாகதாளி. இவற்றைப் பொடிப் பொடியாக நறுக்கி, ஈரத்தோடு, தட்டையான மண் ஓட்டில் வையுங்கள். முருங்கை இலை கொஞ்சம் சேர்க்கலாம். பசளி தினமும் வேண்டாம், அதில் உள்ள ஒட்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். சோறு, பாண், பால், பிஸ்கட், மீன், முட்டை எதுவும் கூடாது. வாழைப்பழம் ஆசையாகத் தின்னும், ஆனால் தளர்ந்த குஞ்சுக்கு வயிற்றோட்டம் வந்துவிடும். செல்லப்பிராணிக் கடையில் ஆமைத் தீனி என்று விற்கும் காய்ந்த இறாலும் உருண்டையும் நீர் ஆமைக்கு உரியவை. ஒரு கடையில் அதைத்தான் என் தலையில் கட்டினார்கள்.

புல் எங்கே பிடுங்குகிறீர்கள் என்பது மிக முக்கியம். வயல் வரம்புப் புல்லில் களைநாசினி பட்டிருக்கும். வீட்டு முற்றத்துப் புல் மட்டும், அதையும் கழுவி.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. கல்லடிக் கடற்கரையில் நடந்தால் சும்மா கிடைக்கும். உப்புப் போக இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, காயவைத்துச் சுரண்டி, ஒரு சிட்டிகை இலை மேல் தூவுங்கள்.

வாயைத் தீக்குச்சியால் திறந்து ஊட்டாதீர்கள். எவ்வளவு அவதியாக இருந்தாலும் பொறுங்கள்.

7. நிறை எழுதுவது

கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தராசுதான் சொல்லும். சமையல் தராசு ஒரு கிராமுக்குக் குறைந்ததைக் காட்டாது. இந்த அளவுக் குஞ்சுக்கு ஒரு கிராம் பெரிய விஷயம். முதல் நாள் எங்கள் ஊரில் நகை வேலை செய்யும் அண்ணனிடம் கொண்டு போனோம். அவர் தட்டைத் துடைத்து, தாள் விரித்து, "மனே, மெல்ல வை" என்று சொல்லி நிறுத்தார். பிறகு அதே மாதிரிச் சிறு தராசு ஒன்று வாங்கினேன்.

எங்கள் கொப்பியில் இருப்பது: முதல் நாள் 16.8 கிராம், இரண்டாம் நாள் 17.9, மூன்றாம் நாள் 17.6, ஐந்தாம் நாள் 17.4, எட்டாம் நாள் 18.3, பத்தாம் நாள் 19.1. இரண்டாம் நாள் ஏறியது உடம்பு இல்லை, குடித்த தண்ணீர். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு ஐந்தாம் நாள் குறைந்ததும் அழுதவர்கள் எங்கள் வீட்டில் உண்டு. மலம் கழித்தாலே அவ்வளவு குறையும். தினமும் காலையில், குளிப்புக்கு முன், ஒரே நேரத்தில் நிறுங்கள். ஒரு நாள் ஏற்ற இறக்கத்தை விடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால்தான் கவலை.

8. வைத்தியரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

மூக்கில் குமிழ், வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு விடுதல், சீழ்க்கை மாதிரிச் சத்தம்: இவை சளிச்சுரம், காத்திருக்கக் கூடாது. தீக்காயம், ஓட்டில் வெடிப்பு, புண்ணில் புழு, இரண்டு நாள் சூடும் குளிப்பும் கொடுத்தும் அசைவே இல்லாமை, இவையும் அப்படித்தான். உத்தியோகத்தரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். போவதற்கு முன், ஊர்வனவற்றைப் பார்த்த அனுபவம் உண்டா என்று போனில் கேளுங்கள். மாடும் கோழியும் பார்த்துப் பழகியவருக்கு இது புதிதாக இருக்கலாம், கேட்பதில் தப்பில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் தளர்ந்த குஞ்சை அவ்வளவு தூரம் கொண்டு போவதை உத்தியோகத்தர் தீர்மானிக்கட்டும்.

இனி ஒரு எச்சரிக்கை. வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைப் பகுதியில் மாடு இல்லாத வீடு குறைவு. உண்ணிக்கும் புழுவுக்கும் மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் பல வீட்டில் இருக்கும். 'ஒரு சொட்டு குடுத்தா மறுகா எழும்பிரும்' என்று நல்ல மனதோடு ஒருவர் எங்களிடம் கொண்டு வந்தார். ஆமைக்கு அது நஞ்சு. நரம்பைப் பிடித்துக் கை கால் செயலிழந்து செத்துப்போகும். வேறு எந்த மாட்டு மருந்தும், மனிதருடைய அன்டிபயாட்டிக்கும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். விட்டமின் ஏ ஊசி அளவு கூடினால் தோல் உரியும். ஓட்டில் எண்ணெய் பூச வேண்டாம், வெடிப்பில் பசை ஒட்டவும் வேண்டாம்.

உங்களுக்கும் கவனம் வேண்டும். ஆமையில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். குளிப்புத் தண்ணீரைச் சமையலறையில் ஊற்றாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

9. செலவு

ஒப்படைக்கக் கட்டணம் எதுவும் இல்லை. எனக்குச் செலவானது சிறு தராசு 1,800 ரூபாய், வெப்பமானி 900, பல்பும் ஹோல்டரும் வயரும் 650. கடையில் ஏமாந்த தீனிப் பேணி 1,200. அதைத் தவிர்த்திருந்தால் 3,500 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஓர் இரவு மட்டும் வைத்திருப்பவருக்குப் பல்ப் செலவு மட்டும்தான்.

10. ஒப்படைக்கும் நாள்

வாகனம் வருமா, நீங்கள் கொண்டு போக வேண்டுமா என்று முதலே கேளுங்கள். கொண்டு போவதென்றால் அவர்கள் சொன்ன பிறகு மட்டும் புறப்படுங்கள், கதைத்தவரின் பெயரும் எண்ணும் கையில் இருக்கட்டும். துளையிட்ட சிறு பெட்டி, உள்ளே ஈரத் துணி, தண்ணீர் வேண்டாம். மோட்டார் சைக்கிள் டாங்கி மேல் வைக்காதீர்கள், சூடு ஏறும். ஓட்டோவில் மடியில் வைத்துப் போவது நல்லது.

ஒரு கடிதம் இரண்டு பிரதியாக எழுதுங்கள்: உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கிடைத்த இடமும் திகதியும், அழைத்த திகதி, வைத்திருந்த நாட்கள், ஒப்படைத்த நேரம். ஒன்றில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொப்பித் தாளின் பிரதியையும் கொடுங்கள். எங்களுக்கு அந்த நிறைப் பட்டியல்தான் உதவியது. அதைப் பார்த்துவிட்டு, இனி மருந்து தேவையில்லை என்று அவர்கள் முடிவெடுத்தார்கள்.

விடுவது அவர்கள் வேலை, நீங்களாகக் கொண்டு போய் விடாதீர்கள். எங்களைக் கூட வர விட்டார்கள். சேமித்து வைத்த புள்ளியிலிருந்து நூறு அடி தள்ளி, தண்ணீர் நிற்காத மேட்டில், பற்றையடியில் வைத்தார் உத்தியோகத்தர். சிறிது நேரம் ஓட்டுக்குள்ளேயே இருந்தது. பிறகு தலை வந்தது, முன்கால் வந்தது, ஈரப் புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே போனது. மருமகன் கிட்டப் போய்ப் பார்க்கப் பார்த்தான், அவர் கையால் மறித்தார்.

தை மாதம் மாமா அந்தப் பற்றைக் குவியலுக்கு நெருப்பு வைக்கப் போனார். இந்த முறை முதலில் தடியால் கிளறினார். ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் பெரிய ஆமை ஒன்று, தலையை இழுத்துக்கொண்டு இருந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார். குவியலில் பாதி இன்னும் அங்கேதான் கிடக்கிறது.